டிவி வரும் கிராபிக்ஸ் கார்டில் இப்போது வெறும் புள்ளிதான் வருகிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மாமா 2004 வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டர் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. உள்ளே ஏடிஐ ஆல்-இன்-வொண்டர் ரேடியான் 9600 கார்டு, அதாவது கிராபிக்ஸ் கார்டும் டிவி ட்யூனரும் ஒரே தகட்டில் இருக்கும் வகை. விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து வருகிறது, டிவி மென்பொருளும் திறக்கிறது. ஆனால் கேபிள் ஒயரைச் செருகித் தேடினால் ஒரு சேனல்கூட இல்லை, புள்ளிதான். கார்டு போய்விட்டதா, அந்தக் காலத்தில் இதை வைத்திருந்தவர்களுக்கு இது உண்மையிலேயே உழைத்ததா, இன்றைக்கு எதற்காவது ஆகுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். கடைசி வரியில் போகிறபோக்கில், வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய கல்யாண வீடியோ கேசட்டுகள் கிடக்கின்றன, ஓட்டிப் பார்க்க டெக் இல்லாததால் அவற்றையும் கழித்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று வீட்டுக்கே போய்ப் பார்த்த வேலைதான் அதிகம். இந்த மாதிரிக் கார்டுகளைப் பொருத்தியும் இருக்கிறேன், கழற்றியும் இருக்கிறேன். கேசட்டிலிருந்து வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வேலையை இன்றும் அவ்வப்போது செய்கிறேன். சிப் அளவில் கார்டை ரிப்பேர் செய்யும் ஆள் நான் இல்லை. அந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. புள்ளி வருவதை வைத்துக் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ட்யூனருக்குப் புரியும் அனலாக் சிக்னல் உங்கள் வீட்டுக்கு வரும் கேபிளில் இப்போது இல்லை. சென்னைக் கேபிளில் இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 2003 செப்டம்பர் 1 அன்று, பணம் கட்டிப் பார்க்கும் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை இங்கே வந்தது. நான்கு பெருநகரங்களுக்கும் என்று சொல்லிக் கொண்டுவந்ததில், அப்போது சென்னையில் மட்டும்தான் அது நிலைத்தது. இலவச சேனல்கள் மட்டும் பாக்ஸ் இல்லாமலேயே தொடர்ந்து வந்தன. பிறகு எல்லாமே டிஜிட்டல் என்ற சட்டம் 2012-இல் பெருநகரங்களுக்கு வந்தது. சென்னையில் வழக்கு, தடை என்று அது இழுத்தடித்தது. 2017-இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, வீட்டுக்கு வீடு பாக்ஸ் வந்த பிறகுதான் மிச்சம் இருந்த அனலாக்கும் ஓய்ந்தது. கேபிளை விட்டுவிட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டினாலும் பயனில்லை. தூர்தர்ஷனும் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்க, சில எல்லைப்புற இடங்கள் நீங்கலாக, மூடிவிட்டது. ஆகவே உங்கள் ட்யூனர் நல்ல நிலையில் இருந்தாலும் புள்ளிதான் காட்டும். அது வேலை செய்கிறதா இல்லையா என்று இந்த வழியில் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தக் கார்டின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதில் எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பது புரியாது. ஏடிஐ ஒரு கனடா கம்பெனி. 1996-இல் முதல் ஆல்-இன்-வொண்டரை வெளியிட்டது. ரேஜ் சிப், அப்புறம் ரேடியான் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு ஆல்-இன்-வொண்டர் வந்துகொண்டே இருந்தது. 2006-இல் ஏஎம்டி அந்தக் கம்பெனியை வாங்கியது. 2008-இல் வந்ததோடு அந்தப் பெயர் முடிந்துபோனது. கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். விசிறிக்கு அடியில் இருப்பது கிராபிக்ஸ் சிப். கேபிள் ஒயர் செருகும் இடத்தை ஒட்டி, மூடி போட்ட ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும், அதுதான் ட்யூனர். இரண்டுக்கும் நடுவே, யாரும் கவனிக்காத இடத்தில், தியேட்டர் என்ற பெயர் போட்ட ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து வரும் அனலாக் வீடியோவை எண்களாக மாற்றுவது அதன் வேலை. ட்யூனரிலிருந்து வந்தாலும் சரி, டெக்கிலிருந்து மஞ்சள் ஒயர் வழியாக வந்தாலும் சரி, அதன் வழியாகத்தான் போக வேண்டும். இன்றைக்கு ட்யூனருக்கு வேலை இல்லை. ஏஜிபி என்ற பழைய வகைச் சாக்கெட்டில் செருகும் கிராபிக்ஸ் காலாவதி. ஆனால் அந்த நடு சிப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. கேசட்டை நல்ல முறையில் ஏற்ற விரும்புகிறவர்கள் உலகம் முழுக்க இந்தக் கார்டுகளை இன்றும் தேடி வாங்குவது அதற்காகத்தான்.

சரி, வைத்திருந்தவர்களுக்கு இது உழைத்ததா? உழைத்தது, ஆனால் விளம்பரத்தில் சொன்ன காரணத்துக்காக இல்லை. நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை. அதில் டிவிக்கு ஒரு மேஜை, கம்ப்யூட்டருக்கு ஒரு மேஜை என்றால் பாய் விரிக்க இடம் இருக்காது. பையனுக்குப் படிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும், அம்மாவுக்குச் சீரியல் வேண்டும். ஒரே மானிட்டரில் இரண்டும் வரும் என்றால் வாங்கிவிடுவார்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் விளையாட்டுக்காகவோ வீடியோ எடிட்டிங்குக்காகவோ வாங்கியவர்கள் இல்லை, இடத்துக்காக வாங்கியவர்கள். அந்த வகையில் அவர்கள் திருப்தியாகத்தான் இருந்தார்கள். ஓரத்தில் சின்ன ஜன்னலில் கிரிக்கெட் ஓடும், நடுவில் டைப்பிங் நடக்கும். போன் வந்தால் நேரடி ஒளிபரப்பையே நிறுத்திவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். டிவி-ஆன்-டிமாண்ட் என்று அந்த வசதிக்குப் பெயர். செட்டாப் பாக்ஸில் ரெக்கார்டிங் என்பது இங்கே யாருக்கும் தெரியாத காலத்தில் அது பெரிய விஷயம். ரிமோட்டும் ரேடியோ அலையில் வேலை செய்யும், சுவரைத் தாண்டும். சமையலறையில் இருந்தபடியே சத்தத்தைக் குறைக்கலாம்.

படத்தின் தரமும் நன்றாகவே இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. தனி ட்யூனர் கார்டு என்றால் படம் பிசிஐ என்ற பொதுப் பாதை வழியாக மதர்போர்டைக் கடந்து கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். நம் ஊர் டிவி ஒளிபரப்புக்கான பால் (PAL) முறையில், 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம் என்று கணக்குப் போட்டால், சுருக்காத வீடியோ நொடிக்கு ஏறக்குறைய 20 மெகாபைட் வரும். பிசிஐயின் மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 மெகாபைட். ஹார்டு டிஸ்க்கும் சவுண்டு கார்டும் அதே வழியில் முட்டிக்கொள்ளும்போது மலிவு மதர்போர்டுகளில் படம் திக்கும். ஒரே தகட்டில் இருந்தால் அந்தப் பயணமே இல்லை, டிவி படம் நேராகக் கிராபிக்ஸ் நினைவகத்துக்குள் போய்விடும். ஆனால் பதிவு செய்யும்போது எம்பெக் என்ற வீடியோ வடிவமாகச் சுருக்கும் வேலையைப் பெரும்பாலும் ப்ராசசர்தான் செய்ய வேண்டியிருந்தது. அதனால் செலரான் என்ற மலிவு ப்ராசசர் வைத்திருந்தவர்களுக்குப் பார்ப்பது சுகம், பதிவு செய்வது கஷ்டம்.

குறைகளும் நிறைய. கூடவே வந்த நிகழ்ச்சி அட்டவணை அமெரிக்காவுக்கானது, இங்கே அதைத் திறந்தால் வெறுமைதான். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த கார்டுகளில் வேறொரு சிக்கல். அமெரிக்க ட்யூனர், ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் என்று எதிர்பார்க்கும். நம் ஊரில் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். அதனால் படம் வந்தாலும் சத்தம் வராது. எத்தனை முறை டிரைவரை மாற்றினாலும் அது சரியாகாது, ஏனென்றால் குறை மென்பொருளில் இல்லை. உங்கள் மாமாவின் கார்டு எங்கே வாங்கியது என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் வாங்கியது என்றாலும் கவலைப்பட வேண்டாம், கேசட் வேலைக்கு ட்யூனர் தேவையே இல்லை, வீடியோ உள்ளீடு பால் முறையையும் ஏற்கும்.

சேனல் பாதிதான் வருகிறது என்று அந்தக் காலத்தில் வந்த புகார்களில் பாதி, அமைப்பில் கேபிள் என்பதற்குப் பதில் ஆன்டெனா என்று விட்டிருந்ததுதான். இன்னொன்று டிரைவர். கிராபிக்ஸ் டிரைவர், வீடியோ பிடிக்கும் டிரைவர், டிவி மென்பொருள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். புது கேம் ஓடவில்லை என்று பையன் கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் புதுப்பித்துவிடுவான், அன்று ராத்திரி அம்மாவுக்கு டிவி வராது. மறுநாள் காலை எனக்குப் போன் வரும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அது கூடுதலாகவே தெரிந்தது. கேபிள் ஒயர் தெருத் தெருவாக, மாடி மாடியாகத் திறந்த வெளியில் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் அந்த ஒயரில் ஏறுவது வீட்டுக்குள் வரும். தனியே ஒரு டிவி பெட்டியோ வெளியில் வைக்கும் ட்யூனர் பாக்ஸோ இருந்தால் அதோடு போகும். ட்யூனர் கிராபிக்ஸ் கார்டிலேயே இருந்தால் கிராபிக்ஸ் போகும், சில சமயம் மதர்போர்டும் சேர்ந்து போகும். இடி இல்லாத நாளிலும் நிம்மதி இல்லை. கேபிள்காரர் மாடியில் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரில் எர்த் சரியில்லை என்றால் ஒயரின் வெளிச் சடையிலேயே கரண்டு கசியும். கேபிள் முனையைத் தொட்டுக்கொண்டே கேபினட்டில் இன்னொரு கையை வைத்தால் சுருக்கென்று இழுக்கும், ஸ்பீக்கரில் உர்ரென்று இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பின் பிளக்கில் கம்ப்யூட்டர் ஓடிய வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதோடு கடற்காற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கேபிள் முனை பச்சை பூத்துப் போவதற்கு ரொம்ப நாள் ஆகாது. அது பூத்தால் படத்தில் நிழல் விழும், ட்யூனரைத்தான் குறை சொல்வார்கள்.

ஒன்றாகச் சேர்த்ததன் விலை பின்னால்தான் தெரிந்தது. கட்டிலோடு சேர்த்து அடித்த பீரோ மாதிரி, ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் இரண்டையும் நகர்த்த வேண்டும். 2004-க்குப் பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புதுச் சாக்கெட் வந்ததும் ஏஜிபி போர்டுகள் கடையிலிருந்து மெதுவாக மறைந்தன. மதர்போர்டு போனால் கார்டை வைக்க இடமில்லை. அதே நேரத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாகக் கிடைத்த தனி பிசிஐ ட்யூனர் கார்டுகளை, அடுத்த கம்ப்யூட்டருக்கும் கழற்றி மாட்டிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரே ஆன் செய்யாமல் மானிட்டரை மட்டும் டிவியாக்கும் சின்ன வெளி பாக்ஸ் இன்னும் அதிகமாக ஓடியது. அதுதான் நம் பக்கத்து வீடுகளுக்கு மிகப் பொருத்தமான பொருள் என்பது அன்றும் என் கருத்து, இன்றும் அதுவே. சீரியல் பார்க்க ஒரு முழுக் கம்ப்யூட்டரை ஓடவிடுவது கரண்டு பில்லுக்கும் நல்லதில்லை. அம்மாக்களுக்கும் விண்டோஸ் எழும் வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு இந்தக் கார்டு இன்னும் நொண்டியது. பாக்ஸிலிருந்து மூன்று கலர் ஒயரைக் கார்டில் செருகலாம், படம் வரும். ஆனால் சேனல் மாற்றுவது பாக்ஸின் ரிமோட்டில்தான். கார்டை வைத்து நேரம் குறித்துப் பதிவு போட்டாலும் பாக்ஸ் எந்தச் சேனலில் நிற்கிறதோ அதுதான் பதிவாகும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். கம்ப்யூட்டரை மேற்கொண்டு ஓட்டும் முன் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். அவற்றின் தலையில் சிலுவை போல ஒரு கோடு கீறியிருக்கும். தலை தட்டையாக இருந்தால் நல்லது. புடைத்திருந்தாலோ, கீறல் வழியே பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் இது ஊரறிந்த நோய். கார்டின் மேல் உள்ள சின்ன விசிறியை விரலால் சுற்றிவிட்டுப் பாருங்கள், இறுகி நின்றால் கார்டு சூட்டிலேயே போய்விடும். இரண்டும் சரியென்றால் அடுத்த வேலை, அந்த ஹார்டு டிஸ்க்கில் மாமா பதிவு செய்த வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. முடிவில் விசிஆர் என்ற எழுத்துகள் உள்ள கோப்புகள் இருந்தால் அவை ஏடிஐயின் சொந்த வடிவம், மற்ற கம்ப்யூட்டர்களில் எளிதில் திறக்காது. அவற்றை அந்தக் கம்ப்யூட்டரிலேயே, அதே மென்பொருளில் எம்பெக்-2 ஆக மாற்றி வெளியே எடுத்துவிடுங்கள். எடுத்து முடிக்கும் வரை விண்டோஸை மறுபடி ஏற்றலாம், சுத்தம் செய்யலாம் என்ற ஆசையே வேண்டாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, ஆகவே இன்டர்நெட்டிலும் இணைக்க வேண்டாம். இந்தக் கார்டில் வீடியோ பிடிக்கும் பகுதி நம்பகமாக ஓடுவது எக்ஸ்பியில்தான். புது விண்டோஸுக்கு ஏற்றிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிறகு ஊதாப் பெட்டி. கார்டின் பின்பக்கத்தில் நேரடியாக மஞ்சள் ஒயர் செருகும் இடம் இருக்காது. வட்டமான ஒரு பல்முனைச் சாக்கெட்டில் செருகும் ஒயரின் முனையில் ஒரு சின்ன ஊதாப் பெட்டி வரும், அதில்தான் எஸ்-வீடியோ, மஞ்சள், சிவப்பு, வெள்ளை எல்லாம் இருக்கும். அது இல்லாமல் இந்தக் கார்டை வைத்து எதுவும் செய்ய முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை அந்தச் சாக்கெட் மாறியது, வேறு மாடலின் பெட்டி பொருந்தும் என்று நம்பி வாங்கக் கூடாது. பரணில் ஒயர்க் குவியலைக் கொட்டித் தேடுங்கள். பலர் அது எதற்கு என்று தெரியாமல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

கேசட் பக்கம் போனால், முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரம் கருப்பாகப் பளபளத்தால் சரி. வெள்ளையாகப் பொடி படர்ந்த மாதிரியோ, நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஈரக்காற்றுக்கு இது சகஜம். அப்படிப்பட்டதை டெக்கில் போட்டால் ஹெட் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை உள்ளவற்றைத் தனியே ஒதுக்கி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். டெக் இல்லை என்றீர்கள். பர்மா பஜாரும் டெக்கும் ஒன்றாக நினைவுக்கு வரும் காலம் போய்விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆடியோ வீடியோ ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், தெரிந்தவர்கள் வீட்டுப் பரணையும் விடாதீர்கள். வாங்கும் முன் போட்டுப் பார்க்க உங்கள் கல்யாணக் கேசட்டைக் கொடுக்காதீர்கள். ஏதாவது வேண்டாத கேசட்டை எடுத்துப் போங்கள், டேப்பைக் கடித்து வைக்கும் டெக்குகள்தான் இப்போது அதிகம்.

ஏற்றும் முறையில் என் பழக்கம் இது. கூடவே வந்த டிவி மென்பொருளை விட்டுவிட்டு, வர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில், பால், 720-க்கு 576, 25 படம் என்று அமைத்து, ஹஃப்வைவி என்ற இழப்பில்லாத முறையில் பிடிப்பேன். மணிக்கு 30-லிருந்து 40 ஜிபி வரை இடம் பிடிக்கும். மூன்று மணி நேர ஈ-180 கேசட் ஒன்றுக்கு 120 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்க வேண்டும், பழைய ஃபேட்-32 என்றால் 4 ஜிபியில் கோப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும். அவ்வளவு இடம் இல்லை என்றால் எம்பெக்-2 ஆக நொடிக்கு 8 மெகாபிட்டில் பிடிக்கலாம், மணிக்கு 3.6 ஜிபி ஆகும். கல்யாண வீடியோவைச் சும்மா பார்க்க அதுவே போதும். இரட்டைப்படை வரி, ஒற்றைப்படை வரி என்று படம் இரண்டு பாதியாகப் பின்னியிருப்பதைப் பிடிக்கும்போது பிரிக்க வேண்டாம், அளவையும் மாற்ற வேண்டாம். அப்படியே வைத்துக்கொண்டு பிறகு புதுக் கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்யலாம். இதில் பலர் அவசரப்பட்டு, தாலி கட்டும் காட்சியில் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும்படி செய்துவிடுகிறார்கள்.

சத்தம் தனிக் கதை. பெரும்பாலும் அது கார்டிலிருந்து ஒரு சின்ன ஒயரில் சவுண்டு கார்டுக்குப் போய்த்தான் பதிவாகும். டெக்கின் சிவப்பு வெள்ளை ஒயரை நேராக சவுண்டு கார்டின் லைன்-இன்னில் கொடுத்தாலும் சரிதான். மதர்போர்டிலேயே உள்ள சவுண்டுக்கும் வீடியோவுக்கும் கடிகாரம் கொஞ்சம் வேறாக ஓடுவதால், நேரம் போகப் போக உதட்டசைவும் பேச்சும் விலகலாம். உங்கள் கம்ப்யூட்டரில் விலகுமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரு முழுக் கேசட்டை ஏற்றி, அதன் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாதஸ்வரத்தைப் பார்க்காதீர்கள், யாராவது பேசும் இடத்தைப் பாருங்கள்.

சந்தேகத்துக்குரிய இடம் ஒன்று உண்டு. கடையில் விற்ற சினிமாக் கேசட்டுகளில் மேக்ரோவிஷன் என்ற காப்புப் பூட்டு இருக்கும், இந்தக் கார்டு அதைக் கண்டால் பதிவு செய்ய மறுத்துவிடும். கல்யாண கேசட்டில் அந்தப் பூட்டு கிடையாது. ஆனால் தேய்ந்து போன கேசட்டின் தள்ளாடும் சிக்னலையே சில சமயம் பூட்டு என்று கார்டு தப்பாக நினைத்துக்கொள்ளும். உங்களுடையதில் அப்படி நடக்குமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நடந்தால், டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பிப் பாருங்கள், அவற்றில் சில அந்தத் தள்ளாட்டத்தை ஓரளவு நேராக்கிவிடும். எல்லா ரெக்கார்டரும் அப்படிச் செய்யாது.

ஊதாப் பெட்டி கிடைக்கவில்லை, அல்லது கெப்பாசிட்டர் புடைத்திருக்கிறது என்றால் இந்தக் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் வீடியோ கேப்சர் குச்சி ஒன்று வாங்கினால் போதும். மிக மலிவானவற்றில் நிறம் வெளிறும், கேசட்டில் ஒரு சின்ன இடைவெளி வந்தாலே படம் உறைந்து சத்தம் விலகும். அதனால் கொஞ்சம் நல்லதாகவும், எஸ்-வீடியோ உள்ளதாகவும் பாருங்கள். மஞ்சள் ஒயரை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் டப்பாவை மட்டும் வாங்காதீர்கள். பின்னியிருக்கும் வரிகளை அது தன் இஷ்டத்துக்குப் பிரித்துக் கலக்கிவிடும், பிறகு சரி செய்யவே முடியாது. வெளியில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், வெறும் டிவிடி போதாது, அசல் கோப்பும் பென்டிரைவில் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்டைக் கழற்றாமலே பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும், வட்டச் சாக்கெட்டின் முனைகளும் தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். 9600 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை வந்தது, உங்களுடையதற்கு எந்தப் பெட்டி என்று பார்த்துச் சொல்கிறேன்.